அலமுவிடம் இருந்த ஒற்றை இறக்கை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் யாராவது பெண் பார்க்கவோ நிலம் பதியவோ கிளம்பினால், முதலில் ஒரு ஆளை வாசலுக்கு அனுப்பி அலமு தெருவில் வருகிறாளா என்று பார்க்கச் சொல்வார்கள். வந்தால் உள்ளே திரும்பி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அப்புறம்தான் கிளம்புவார்கள். அலமுவுக்கு அது தெரியும். தெரிந்தும் ஒதுங்க மாட்டாள். தெருவின் நடுவிலேயே நடப்பாள். "உங்க காரியம் என் காலடியில தடுக்கி விழுற காரியம்னா, அது விழுறதே மேலு" என்று அவர்களுக்குக் கேட்கிற மாதிரியே சொல்லிக்கொண்டு போவாள்.

அவள் புருஷன் துரைக்கண்ணு ஆதிகேசவன் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்தவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் மஞ்சள்காமாலை வந்து பன்னிரண்டே நாளில் போனான். அலமுவுக்கு வயது இருபத்திரண்டு, இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை. பாடை எடுக்கும்போது மாமியார் ஊர் கேட்க ஒரு வார்த்தை சொன்னாள்: "வந்தா, வாரி வாயில போட்டுக்கினா." அலமு கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தது, ஆஸ்பத்திரிக்குத் தோளில் சாய்த்துக் கூட்டிப்போனது எல்லாம் யாருக்கும் நினைவில் இல்லை. அந்த வார்த்தை மட்டும் நின்றது.

துரைக்கண்ணு வேலை செய்த இடத்திலேயே அலமு தார் சுற்றப் போனாள். ராட்டினத்தில் பட்டு இழையைச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுக்க வேண்டும். அதைத்தான் நாடா என்கிற ஓடத்தில் போட்டு, குறுக்கு இழையான ஊடைக்கு ஓட்டுவார்கள். காஞ்சிபுரத்தில் தாலி ஏறின எத்தனையோ கழுத்துக்குக் கீழே அலமு சுற்றின பட்டு இருந்தது. ஆனால் தறியில் நெடுக்கு இழையான புதுப் பாவு ஏற்றி, கற்பூரம் காட்டி, முதல் இழை ஓட்டும் நேரத்தில் அவள் தறிக்கூடத்தில் இருக்கக்கூடாது. ஆதிகேசவன் பெண்சாதி நேராகச் சொல்ல மாட்டாள்.

"அலமு, சித்த பின்னாடி போய் மாட்டுக்குத் தண்ணி வெச்சுட்டு வாயேம்மா."

"எந்த மாட்டுக்கு? ஆறு வருஷத்துக்கு முன்னாடி வித்தீங்களே, அந்த மாட்டுக்கா?"

கேட்டுவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாள். கற்பூர வாசம் அடங்கினதும் வந்து உட்கார்ந்து ராட்டினத்தைச் சுற்றுவாள். மிச்சப் பட்டை வீட்டுக்கு அனுப்புவார்கள்; வீட்டிலும் ஒரு ராட்டினம் வைத்திருந்தாள். அவளுக்கு அதில் அழுகை வந்த காலம் ஒன்று இருந்தது. அது எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது.

பிள்ளை பாண்டியன் வளர்ந்தான். பன்னிரண்டாவது முடித்துவிட்டு, ஒருநாள் தாம்பரம் போய் வரிசையில் நின்று, விமானப்படையில் சேர்ந்துவிட்டேன் என்று வந்து சொன்னான். ஆறு வருஷம் தரையில் வேலை. தொண்ணூற்றாறு பொங்கலுக்கு லீவில் வந்தவன், சாப்பிட்டுக் கை கழுவின ஈரத்தோடு பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அம்மா மடியில் வைத்தான்.

அவிழ்த்துப் பார்த்தாள். உள்ளங்கை நீளம் கருநீலத் துணி. அதில் வெள்ளை நூலால் நெருக்கமாகத் தைத்த ஒரு பறவை இறக்கை. ஒரு பக்கம் கத்தரியால் வெட்டின தடம். அங்கே நூல் பிரிந்து நின்றது.

"என்னாடா இது, வாலறுந்த பல்லி மாதிரி?"

"றெக்கைம்மா. பரீட்சை பாஸ் பண்ணி இப்பதான் குடுத்தாங்க. இனிமே எனக்குத் தரையில வேலையில்ல. பிளேன்ல."

"ஒண்ணுதான் இருக்குது?"

"ஓட்டுறவங்களுக்குத்தான் ரெண்டு. எங்களுக்கு ஒண்ணு. ஒரு வட்டம், அதுலேர்ந்து ஒரே பக்கமா ஒரு றெக்கை."

"வட்டம் எங்க?"

"வெட்டி எடுத்துட்டேன். வீரபத்திரன்னு என் கூட்டாளி, தருமபுரிக்காரன், அவன்கிட்ட குடுத்துட்டு வந்திருக்கேன்."

"குடுத்ததே ஒண்ணு, அதையும் வெட்டிட்டியா? சர்க்கார் துணிய வெட்டினா உள்ள தூக்கிப் போட மாட்டானா?"

பாண்டியன் சிரித்தான். "சட்டையில குத்திக்கிறதுக்கு வேற தருவாங்கம்மா. மொத மொத குடுக்கிறத யாரும் குத்திக்க மாட்டோம். எங்க ஆளுங்க பழக்கம் அது. ரெண்டா வெட்டிடணும். வட்டம் எங்கூட, சட்டைப் பையில. றெக்கை தரையில, ஒருத்தர்கிட்ட. ரெண்டும் நான் உசுரோட இருக்கிற வரைக்கும் ஒரே கூரைக்குக் கீழ வரக்கூடாது. அதான் லீவுல வரும்போது வட்டத்த அவன்கிட்ட வெச்சுட்டு வரேன். தனித்தனியா இருந்தா, ஒண்ண ஒண்ணு தேடிக்கினு திரும்பி வரும். சேர்ந்துட்டா அப்புறம் தேட வேலையில்ல இல்ல?"

"படிச்சவனுங்களா நீங்க? அது சரி, மேல போய் என்னா பண்ணுவ?"

"ஃப்ளைட் கன்னர்."

"துப்பாக்கி சுடணுமா?"

"பேருதான் கன்னர். சரக்கு பிளேன்ல ஏது துப்பாக்கி? மலை மேல இருக்கிற பட்டாளத்துக்கு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் ஏத்தி இறக்கணும். சில எடத்துல கதவ தொறந்து மேலேர்ந்தே தள்ளிடுவோம்."

"மூட்ட தள்ளுற வேலைக்கா பரீட்சை வெச்சு றெக்கை குடுத்தான்?" என்றாள் அலமு. பிறகு கையில் இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டேய், இத ஏன்டா எங்கிட்ட தர? நான் எதிர்ல வந்தாலே திரும்பிப் போறானுங்க. உன் சித்தப்பன் பொண்டாட்டிகிட்ட குடு. பொட்டு வெச்சவ."

"அதெல்லாம் எங்க ஆளுங்க கேக்கறதில்ல. யாருகிட்ட திரும்பி வரணுமோ அவங்ககிட்ட குடுக்கணும். குடுத்தவன் திரும்பக் கேக்கவும் கூடாது. எனக்கு வேற யாரு இருக்கா?"

அலமு எழுந்தாள். ஆதிகேசவன் வீட்டுப் பட்டுத் துண்டு ஒன்றில் அதைச் சுற்றி, தார்க்குழல் போட்டு வைக்கும் தகரப் பெட்டியின் அடியில் வைத்தாள். புருஷன் போன பிறகு அவள் கையை நம்பி யாரும் எதையும் கொடுத்தது கிடையாது. மஞ்சள், குங்குமம், கல்யாணத் தட்டு, பிறந்த பிள்ளை, எதுவும். இது வந்திருக்கிறது.

அவள் அதை வாயை மூடிக்கொண்டு வைத்திருக்கலாம். அது அவள் சுபாவம் இல்லை. ஒருநாள் குழாயடியில் ஒருத்தி, "வாலாஜாபாத்துக்கு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்புறாங்க, கொஞ்சம் அந்தண்ட போம்மா" என்றதும் அலமு குடத்தை நங்கென்று வைத்தாள்.

"வானத்துல போறவனே என்னை நம்பித்தான் போறான். இங்க இருக்கிற வாலாஜாபாத்துக்கு நான் ஆகமாட்டேனா?"

நம்பாத நாலு பேரை வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியைத் திறந்து காட்டவும் செய்தாள். தெரு முழுக்கத் தெரிந்துபோனது.

தொண்ணூற்றெட்டு ஆவணியில் பாண்டியனுக்குக் கல்யாணம். பெண் திருப்புட்குழி, பேர் சத்யப்ரியா. நிலம் வைத்திருக்கிற குடும்பம். பெண்ணின் அம்மா மங்கையர்க்கரசி, நாலு பேர் கூடின இடத்தில் மற்றவர்கள் பேச இடம் விடாதவள். முகூர்த்த நேரத்தில் அலமு சத்திரத்துச் சமையல்கட்டு வாசலில் நின்றாள். மணமேடையில் துரைக்கண்ணுவின் தம்பி பரமசிவமும் அவன் பெண்சாதியும் நின்று எல்லாம் செய்தார்கள். பெண் கட்டியிருந்த புடவைக்கு ஊடை சுற்றினது அலமுதான். அத்தனை தலைகளுக்கு நடுவில் பிள்ளையின் கை மட்டும் மேலே போய்க் கீழே வருவது தெரிந்தது. மேளம் கொட்டினார்கள். அலமுவுக்குப் பசித்தது. முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் மங்கையர்க்கரசி பழத்தட்டோடு வந்தாள். வந்ததும் சுற்றி வளைத்தாள்.

"சம்பந்தி, எங்க ஊரு பெருமாள் யாருக்குக் கருமம் பண்ணாருன்னு உங்களுக்குத் தெரியாதது இல்ல."

"ஜடாயுவுக்கு. ஊருக்கே தெரியும். அதுக்கு என்னா இப்போ?"

"அது எப்படி செத்தது? றெக்கைய வெட்டினதால. வெட்டின றெக்கைன்னு கேட்டாலே எங்க ஊருல காதப் பொத்திக்குவாங்க. சரி, ஆம்பளைங்க ஏதோ பழக்கம்னு வெச்சுக்கினாங்க. அது இருக்கிற எடத்துல இருக்க வேணாமா? இனிமே அவருக்கு பொண்டாட்டின்னு ஒருத்தி வந்துட்டா. மஞ்சளும் குங்குமமுமா இருக்கிறவ. அவ கையில..."

"என் கையில இருந்தா என்னா?"

"நான் என் வாயால சொல்லணுமா?"

"சொல்லு. இந்தத் தெருவுல எல்லாரும் சொல்லியாச்சு. நீ மட்டும் ஏன் பாக்கி?"

மங்கையர்க்கரசி உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "தாலி அறுத்தவ கையில என் பொண்ணோட தாலி இருக்க வேணாம் சம்பந்தி."

அலமு தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்துத் தின்றாள். தின்றுவிட்டுச் சொன்னாள். "உன் பொண்ணு அவன்கூட குவார்ட்டர்ஸ்ல இருக்கப் போறா. அவன் பையில வட்டம். இவ பெட்டியில றெக்கை. ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ வந்துடும். அது ஆகாதுன்னு அவன் சொல்லியிருக்கான்."

"புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து இருக்கிற வீட்டுல எது சேர்ந்தாலும் நல்லதுதான்."

"அத பட்டாளத்துக்குப் போய் நீயே சொல்லு. அவன் குடுத்தது எனக்கு. திரும்பக் கேக்கவும் கூடாது. எடுத்துக்கினு போ உன் தட்ட."

அன்றைக்கு அலமுதான் ஜெயித்தாள். இரண்டு நாள் அதை நினைத்து நினைத்து ராட்டினத்தை வேகமாகச் சுற்றினாள்.

அடுத்த வருஷம் ஆனி மாதம் தெருமுனையில் மரியம்மாள் வைத்திருந்த எஸ்டிடி பூத்திலிருந்து ஆள் வந்தது. பாண்டியன் பேசினான். தரை இறங்கும்போது டயர் வெடித்து விமானம் ஓடுபாதையை விட்டுச் சறுக்கிப் போய்விட்டது, யாருக்கும் ஒன்றும் இல்லை, தனக்கு மட்டும் இடது கையில் எலும்பு முறிவு, ஆறு வாரம் கட்டு.

"வட்டம் பையில இருந்துச்சாடா?"

"இருந்துச்சும்மா. அதனாலதான் கையோட போச்சு."

அவன் அப்படிப் பார்த்தான். அலமு வேறு மாதிரி பார்த்தாள். வட்டம் அவன் பையில் இருந்திருக்கிறது. இறக்கை இங்கே பெட்டியில் இருந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஆயிரம் மைல். எல்லாம் விதிப்படி சரியாக இருந்தும் டயர் வெடித்தது. தப்பு எங்கே என்று தேடினால் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். வைத்திருந்த கை.

இருபத்தாறு வருஷமாக ஊர் சொன்னதை ஒருநாளும் அவள் நம்பினதில்லை. பேச்சுக்குப் பேச்சு திருப்பிக் கொடுத்தவள். அந்த ஒரு வாரத்தில் நம்பினாள். யாரும் வற்புறுத்தவில்லை. மங்கையர்க்கரசி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால்கூட, வீம்புக்காவது கொடுக்காமல் இருந்திருப்பாள். அந்தத் தடவை அவள் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

தலை ஆடிக்குச் சத்யப்ரியாவைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். அலமு வேலூர் பஸ் ஏறி பாலுசெட்டிசத்திரத்தில் இறங்கித் திருப்புட்குழிக்கு நடந்தாள். இறக்கையைச் சுற்றியிருந்த பட்டுத் துண்டை இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினாள். சத்யப்ரியா கை நீட்டும் முன்னால் மங்கையர்க்கரசி ஒரு தாம்பாளத்தை நடுவில் கொண்டுவந்தாள்.

"இதுல வெச்சுடுங்க சம்பந்தி."

வைத்தாள். மங்கையர்க்கரசி அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள்.

"என்னா, குளிப்பாட்டறியா? சாயம் போயிடப் போவுது" என்றாள் அலமு. பிறகு மருமகளைப் பார்த்தாள். "இந்தாம்மா, ஒண்ணு மட்டும் காதுல போட்டுக்க. இத உங்கம்மா வீட்டுலயே வெச்சுட்டுப் போ. அங்க எடுத்துக்கினு போகாத. ஒரே கூரைக்குக் கீழ வரக்கூடாது. அவனுக்கும் சொல்ல வேணாம்."

"சரிங்க அத்த."

காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து குழாயடியில் யாராவது ஒதுங்கச் சொன்னால் பேசாமல் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். என்ன ஆச்சு அலமுவுக்கு, வாய் செத்துப்போச்சு என்று பேசிக்கொண்டார்கள்.

தீபாவளிக்குப் பாண்டியனும் சத்யப்ரியாவும் வந்து நாலு நாள் இருந்தார்கள். கை நேராகிவிட்டது. ஒருநாள் அவன் தகரப் பெட்டிப் பக்கமாகப் பார்த்தான். கேட்கக்கூடாது, அதனால் கேட்கவில்லை. அலமுவும் சொல்லவில்லை. வட்டத்தை வழக்கம்போல வீரபத்திரனிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். போகும்போது, "எம்மா, தை கடைசியில ஒரு வாரம் லீவு கெடைக்கும்" என்றான்.

தை பாதியில் தாம்பரத்திலிருந்து ஜீப்பில் ஒரு அதிகாரியும் இரண்டு பேரும் வந்தார்கள். மலைக்குச் சரக்கு கொண்டுபோன விமானம் திரும்பி வரவில்லை. பனி. தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதிகாரி தமிழ்க்காரர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அலமு அவரை உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். "அதுல எத்தினி பேரு?" என்று கேட்டாள். ஒன்பது பேர் என்றார். "ஒன்பது வீட்டுக்கும் நீங்களேதான் போகணுமா?" என்று கேட்டாள். அவர்கள் போனதும், பாதி சுற்றியிருந்த தாரை எடுத்துச் சுற்றி முடித்தாள். இழை அறுபடவே இல்லை. கை அதன் பாட்டுக்கு ஓடியது.

பதினோரு நாள் தேடிவிட்டு நிறுத்தினார்கள்.

சத்யப்ரியா மாசி மாதம் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். தாய்வீட்டுக்குப் போகவில்லை. நேராக அலமு வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு இருபத்துமூன்று வயது. வந்த அன்று மத்தியானம், அலமு சோறு போட்டுத் தட்டை முன்னால் வைத்ததும் சாப்பிடாமல் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாள். ஒரு கைக்குட்டையை எடுத்துவந்து விரித்தாள். உள்ளே இறக்கை இருந்தது. பக்கத்தில் இலைகளை வளைத்த மாதிரி ஒரு வட்டம் இருந்தது. அலமு வட்டத்தை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

"இது எப்படி உங்கிட்ட?"

"அத்த, நான் றெக்கைய அம்மா வீட்டுல வெக்கல. கூட எடுத்துக்கினு போயிட்டேன். எங்கூட இருந்தா நல்லதுன்னு அம்மா சொன்னாங்க. நானும் நெனச்சேன். அரிசி டின்னுல வெச்சிருந்தேன். அவருக்குத் தெரியாது."

"ம்."

"அன்னிக்குக் காலையில அவரு குளிச்சுக்கினு இருந்தாரு. ஃப்ளையிங் டிரெஸ் பையில வட்டம் இருந்துச்சு. எனக்கு... முழுசா இருந்தா எப்படி இருக்கும்னு ஒரு தடவ பார்க்கணும்னு. கட்டில்ல வெச்சு ரெண்டையும் பொருத்திப் பார்த்தேன். அழகா இருந்துச்சு அத்த. அதுக்குள்ள பால்காரன் கூப்புட்டான். போர்வைய மேல இழுத்து விட்டுட்டுப் போனேன். வந்து பார்த்தா அவரு கெளம்பிட்டாரு. வட்டம் கட்டில்லயே இருந்துச்சு." அவள் மூச்சு வாங்கினாள். "நான்தான் அத்த. நான்தான் அவர..."

அலமு இரண்டு துண்டையும் பார்த்தாள். வெட்டுவாய் அச்சாகப் பொருந்துகிறது என்று பொருத்திப் பார்க்காமலே தெரிந்தது.

உள்ளுக்குள் ஒன்று ஓடியது, அதை மறைப்பானேன். அப்படியென்றால் காரணம் என் கை இல்லை. என் கையில் இருந்தவரைக்கும் அவன் கை முறிவோடு தப்பித்தான். மூன்று வருஷம் நான் காப்பாற்றினேன். இவள் ஆறு மாதத்தில் தொலைத்தாள். இதை இப்படியே மங்கையர்க்கரசி வாசலில் போய் நின்று சொல்ல வேண்டும். தெரு முழுக்கச் சொல்ல வேண்டும். மாமியார் உயிரோடு இருந்தால் அவளிடமும் சொல்ல வேண்டும். அப்படி நினைத்ததும் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. துக்கமும் வரவில்லை. எதிரே சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல அத்த."

"சாப்புடு."

வைகாசியில் காகிதம் வந்தது. இறந்ததாகக் கொள்ள வேண்டியது என்று அதில் இருப்பதாகப் பரமசிவம் படித்துச் சொன்னான். உடம்பு இல்லாததால் தர்ப்பையில் உருவம் செய்து கருமம் பண்ணுவது என்று முடிவானது. வாசலில் பந்தல் போட்டார்கள். வீரபத்திரன் சீருடையில் வந்திருந்தான்; பாண்டியன் வயதுதான், தாடையில் ஒரு தழும்பு. தர்ப்பை உருவத்தைப் பாயில் கிடத்தி மேலே வேட்டி போர்த்தியிருந்தார்கள். அவன் அலமு பக்கத்தில் வந்து குனிந்து தணிந்த குரலில் கேட்டான்.

"அம்மா, அந்த றெக்கைய இன்னிக்கு அவன் நெஞ்சு மேல வெக்கணும்மா. எங்க பழக்கம். ரெண்டையும் சேர்த்து வெப்போம். வட்டம் அவன்கூடவே போயிருக்கும். இருக்கிறத வெப்போம்."

சத்யப்ரியா உள்ளே போய்க் கைக்குட்டையோடு வந்தாள். பந்தல் நடுவில் அவிழ்த்தாள். இரண்டும் இருந்தன.

வீரபத்திரன் நிமிர்ந்தான். "வட்டம் இங்க எப்படி? அவன் எடுத்துக்கினு போகலையா?"

மங்கையர்க்கரசி எழுந்து வந்தாள். பெண்களெல்லாம் கழுத்தை நீட்டினார்கள். இரண்டும் சேரக்கூடாது என்ற கதை அந்தத் தெருவில் தெரியாதவர்கள் இல்லை, அலமுவே பரப்பினது. மங்கையர்க்கரசி மகளைப் பார்த்தாள். "எப்படிடி ரெண்டும் உங்கிட்ட வந்துச்சு?"

சத்யப்ரியா வாயைத் திறந்தாள்.

"எங்கிட்டதான் இருந்துச்சு" என்றாள் அலமு.

எல்லோரும் திரும்பினார்கள்.

"தீபாவளிக்கு வந்தாங்க இல்ல, அப்போ உன் பொண்ணுகிட்டேர்ந்து றெக்கைய திருப்பி வாங்கிக்கினேன். எனக்குக் குடுத்தத உங்கிட்ட குடுத்துட்டு எனக்குத் தூக்கம் வரல. வட்டம் அவன் பையில இருந்துச்சு. அதையும் எடுத்து வெச்சுக்கினேன். ரெண்டும் என் பெட்டியிலதான் இருந்துச்சு. போதுமா?"

"அத்த..."

"நீ சும்மா இருடி. வாங்கினது நான், குடுத்தவ நீ. பெரியவ கேட்டா குடுக்காம என்னா பண்ணுவ?"

வீரபத்திரன் அலமுவைப் பார்த்தான். தீபாவளி நாலு நாளும் அந்த வட்டம் அவன் பர்சில் இருந்தது; திரும்பி வந்த பாண்டியனிடம் அவன் கையாலேயே கொடுத்தான். அது அந்தப் பந்தலில் அவனுக்கும் அலமுவுக்கும் சத்யப்ரியாவுக்கும் மட்டும்தான் தெரியும். அவன் சத்யப்ரியாவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

மங்கையர்க்கரசி மார்பில் அடித்துக்கொண்டாள். "அன்னிக்கே சொன்னேனே! தாலி அறுத்தவ கையில வேணாம்னு தலையால அடிச்சுக்கினேனே! புருஷன முழுங்கினது பத்தாதுன்னு பெத்த பிள்ளையையும் முழுங்கிட்டியே பாவி! என் பொண்ணு தலையில மண்ண வாரிப் போட்டுட்டியே!"

"ஆமா" என்றாள் அலமு. "முழுங்கிட்டேன். வெயில் ஏறுது, ஆக வேண்டியத பாருங்க."

வீரபத்திரன் மண்டியிட்டு இரண்டு துண்டையும் வேட்டியின் மேல் பொருத்தி வைத்தான். எழுந்து சல்யூட் அடித்தான். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அலமு தெரு முனை வரைக்கும் பார்த்தாள். தர்ப்பைக்குக் கனம் இல்லை. நாலு பேரும் வேகமாக நடந்தார்கள்.

பதினாறாம் நாள் முடிந்து சத்யப்ரியாவைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். மங்கையர்க்கரசி அலமுவிடம் சொல்லிக்கொள்ளாமல் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். பெண் மட்டும் திரும்பி உள்ளே ஓடிவந்தாள்.

"அத்த, நான் சொல்லிடறேன். என்னால முடியல."

"சொல்லி? அவன் எறங்கி வரப் போறானா?"

"உங்கள எல்லாரும் எப்படிப் பேசறாங்க..."

"எனக்கு இது உன் வயசுல வெச்ச பேரு. மேல ஒரு கோட்டு பூசினா வித்தியாசம் தெரியாது. உனக்கு இப்ப ஒட்டிச்சுன்னா சாவுற வரைக்கும் உரிக்க முடியாது, நான் உரிச்சுப் பார்த்தவ சொல்றேன். துணி சேர்ந்ததாலயா பிளேன் விழுந்துச்சு? பனி விழுந்துச்சு, மலை இருந்துச்சு. அவ்ளோதான். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியணும். இவங்களுக்குத் தெரியாது. இவங்களுக்கு ஒரு ஆள் வேணும். நான் இருக்கேன். போ, ஆட்டோக்காரன் கத்தறான்."

"அப்ப ஏன் அத்த றெக்கைய எங்கிட்ட குடுத்தீங்க?"

அலமு அவளை வாசல் பக்கம் திருப்பிவிட்டாள். "போம்மா" என்றாள்.

ஒரு வாரம் ஆதிகேசவன் வீட்டிலிருந்து பட்டு வரவில்லை. எட்டாம் நாள் அலமுவே போனாள். தறிக்கூடத்தில் எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. ஆதிகேசவன் பெண்சாதி இந்தத் தடவை மாட்டைப் பற்றிப் பேசவில்லை.

"அலமு, தப்பா எடுத்துக்காதம்மா. நாங்க நெய்யிறது பூராவும் முகூர்த்தப் புடவை. வாங்கறவங்க காதுக்குப் போச்சுன்னா..."

"கல்யாணத்துக்கு இல்லாதது ஒண்ணும் இல்லையா?"

"கோயில் குடைக்கு ஒரு துணி போட்டிருக்கோம். அதுவும் சாமிக்கு ஆச்சே."

"சாமிக்கும் ஆகாதா நானு?"

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். நல்லவள்தான். இரண்டு படி அரிசி அளந்து கொடுத்தாள். அலமு முந்தானையில் வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லும் கோபம் உள்ளே எங்கேயாவது இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

வீட்டுக்கு வந்து ராட்டினத்தைச் சுவரோரமாக நகர்த்திவிட்டு, அந்த இடத்தைப் பெருக்கினாள். மறுநாள் காலையில் திருப்பருத்திக்குன்றத்துப் பக்கம் களை எடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. பேர் கேட்டார்கள். அலமு என்றாள். குனிந்து வரிசையில் சேர்ந்துகொண்டாள்.